அக்கா கொடுத்த ரத்தம்

எனக்குப் பொறுமை கிடையாது. ஊசி பிடிக்கும் கைக்கு மட்டும் எப்படியோ கொஞ்சம் உண்டு. அந்தக் கையை வைத்துத்தான் பிழைப்பு. திருவண்ணாமலையில் ஒரு மருத்துவமனை லேப்பில் ரத்தம் எடுக்கிறேன். அங்கே மார்பகப் புற்றுநோய் பற்றிய ஓர் ஆய்வு தொடங்கியபோது, பெண்களிடம் ரத்தம் சேகரிக்கிற வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள்.

அது என்ன ஆய்வு என்று வீட்டில் விடாமல் கேட்டது அக்கா ஒருத்திதான். அவளை அடி அண்ணாமலையில் கட்டிக்கொடுத்திருந்தது. மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில், வீட்டு வாசலிலேயே, இரண்டு பேருமாகச் சுக்கு காபிக் கடை போடுவார்கள். ஒருநாள் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, நான் எதிரே உட்கார்ந்து சொன்னேன்.

"நம்ம உடம்புல மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு துளியூண்டு துணுக்குங்க இருக்குதுக்கா. செல்லுக்குள்ள எந்த வேலை எவ்ளோ நடக்கணும்னு அதுங்கதான் அடக்கி வெக்கும். கொஞ்சம் ரத்தத்துலயும் கலந்து சுத்தும். மார்ல புத்து வந்தா அதுல சிலது ஜாஸ்தி ஆவும், சிலது கம்மி ஆவும். அத வெச்சு நோய முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமான்னு பாக்கறாங்க."

"அப்போ ரத்தத்துலயே தெரிஞ்சிடுமா? கட்டியில ஊசி குத்தறது, கத்தி வெக்கறதெல்லாம் வேணாமா?"

"தெரியுமான்னுதான் பாக்கறாங்க. இன்னும் தெரியாது. ஒருத்தரோட ரத்தத்த மட்டும் வெச்சு இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத பெண்களின் ரத்தமும் வேண்டும். அதற்காக அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் ஒரு கேம்ப் போட்டோம். வந்திருந்தவர்களிடம் டாக்டரம்மா முதலிலேயே எடுத்துச் சொன்னார். இது ஆராய்ச்சிக்கு மட்டும், தனித்தனியாக யாருக்கும் ரிசல்ட் சொல்ல மாட்டோம், நோய் இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் மருத்துவமனைக்கு வந்து தனியாகக் காட்டிக்கொள்ளுங்கள் என்று. எல்லோரும் சரி என்றார்கள்.

வரிசையின் முன்னால் மேசை போட்டு ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தார். "மார்ல கட்டி, வலி, கசிவு ஏதாவது இருக்காம்மா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். அவருக்குக் கணீரென்ற குரல். எங்கள் பக்கத்தில் வரிசை என்றால் ஒருவர் முதுகில் இன்னொருவர் மூச்சு படும். நர்ஸ் கேட்பதும் இவர்கள் சொல்வதும் பின்னால் நிற்கும் நாலு பேருக்காவது கேட்கும்.

அக்காவும் வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அதே ஊரைச் சேர்ந்த ஓர் அம்மா நின்றார். அக்கா மகளைத் தன் பிள்ளைக்குப் பார்த்துவிட்டுப் போயிருந்தவர். நிச்சயம் இன்னும் ஆகவில்லை. நர்ஸ் கேட்டதும் அக்கா, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று சிரித்தாள். பின்னால் நின்றவரும் அதையே சொன்னார். ஆகட்டும், இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று நானும் சந்தோஷமாகத்தான் இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தேன்.

எடுத்த ரத்தத்தை லேப்புக்குக் கொண்டுவந்து மெஷினில் சுற்றவிட்டு, மேலே தெளியும் மஞ்சள் நீரைச் சின்னக் குழாய்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்தேன். தேவையான அளவு சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் எடுத்துச் சோதிப்பார்கள். அதுவரை அவை அங்கேயே கிடக்கும்.

அக்கா மகளுக்கும் அந்த அம்மாவின் பிள்ளைக்கும் நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. பௌர்ணமிகள் வந்து போயின. நான் போகும்போதெல்லாம் அக்கா வாசலிலேயே நின்று என் முகத்தை உற்றுப் பார்ப்பாள். பிறகு, "வா, சாப்டு" என்பாள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பௌர்ணமி அன்று காலையில் கடைக்கு ஒத்தாசையாகப் போயிருந்தேன். சுக்கு காபித் தவலையை இரண்டு பேருமாகத் தூக்கினோம். அக்கா இடது கையை உயர்த்த முடியாமல் 'ஸ்' என்று விட்டுவிட்டாள். சுளுக்கு என்றாள். என்னிடமா நடக்கும்? உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். "விடுடி, விடுடி" என்றவளை அதட்டி ரவிக்கையை விலக்கச் சொன்னேன்.

இடது மார்பின் தோல் எலுமிச்சம்பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. உள்ளே கல்லாக ஒரு கட்டி.

"அடிப்பாவி! எப்போலேர்ந்துக்கா இது?"

"கேம்ப்புக்கு முன்னாடியே இருந்துது. அப்போ பட்டாணி மாதிரிதான் இருந்துது."

"அப்புறம் ஏன் இல்லன்னு சொன்ன?"

"பின்னாடி அவங்க நின்னாங்களேடி. அம்மாக்காரிக்குக் கட்டின்னு காதுல விழுந்தா நம்ம பொண்ண எடுப்பாங்களா? வாயால இல்லன்னு சொன்னா இன்னா, ரத்தம் சொல்லிடப்போவுதுன்னு கைய நீட்டினேன்."

"யாருக்கும் ரிசல்ட் சொல்ல மாட்டோம்னு அவ்ளோ தூரம் சொன்னாங்களே!"

"அது ஊருக்கு. கூடப்பொறந்தவளுக்கு நீ சொல்ல மாட்டியா? நீ வரும்போதெல்லாம் உன் மூஞ்சியப் பாப்பேன். நீ சிரிச்சிக்கினே வருவ. சரி, நம்ம ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு நிம்மதியா இருந்துட்டேன்."

அவள் ரவிக்கையை நானே இழுத்து மூடிவிட்டேன்.

"அக்கா, அந்த ட்யூப இன்னும் யாரும் தொறக்கவே இல்லக்கா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே மாமா சில்லறைக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் கத்தினேன். அவளைத் திட்டினேன், அந்த வரிசையைத் திட்டினேன், பெண் கொடுக்கவும் எடுக்கவும் மார்பைப் பொத்திக்கொண்டு நிற்கவைக்கிற இந்த ஊரையும் திட்டினேன். கத்தி முடித்தபோது அழுகைதான் மிச்சம். கடையை மாமாவிடம் விட்டுவிட்டு அவளைக் கிளப்பினேன். அன்று பாதையில் ஆட்டோவை விடவில்லை. கிரிவலம் போகிற கூட்டத்தோடு கூட்டமாக டவுனை நோக்கி நடந்தோம். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். நான் கும்பிடவில்லை. அவ்வளவு கோபம். அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

கட்டியில் ஊசி குத்தினால் பரவிவிடும் என்று வழியெல்லாம் பயந்தாள். அப்படி இல்லை என்று டாக்டரம்மாவும் நானும் மாறி மாறிச் சொன்ன பிறகுதான் படுத்தாள். சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்றே வந்தது. அக்குளுக்கும் போயிருந்தது. முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும், பிறகு ஆபரேஷன். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆய்வுக்குழுவிடம் நடந்ததைச் சொன்னேன். நோயில்லாதவர்களின் வரிசையிலிருந்து அக்காவின் குழாயை எடுத்துவிடச் சொன்னார்கள். விரல்நுனி அளவு மஞ்சள் நீர். இதை நம்பித்தானே இத்தனை மாதம் தூங்கினாய் என்று ஃப்ரீசர் முன்னால் நின்று அழுதேன்.

முதல் தடவை மருந்து ஏற்றி அக்கா வார்டில் படுத்திருந்தபோது, சம்பந்தி அம்மா பார்க்க வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. கல்யாணம் நின்றது என்றே நானும் நினைத்தேன். அவர் சாத்துக்குடிப் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணம் அது பாட்டுக்கு நடக்கும். நீங்க ஒடம்பப் பாருங்க அண்ணி."

அக்கா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இந்த மனுஷிக்குப் பயந்தா இவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

அவரை வழியனுப்ப மாடிப்படி வரைக்கும் போனேன். முதல் படியில் கால் வைத்தவர் நின்று, அக்கம்பக்கம் பார்த்தார்.

"ஏம்மா, அன்னைக்கு நானும் ரத்தம் குடுத்தேனே."

"ஆமாங்க அண்ணி."

"இவ்ளோ நாளா நீ எனக்கு ஒண்ணும் சொல்லல. அப்போ எனக்கு அது இல்லதானே?"

அவருடைய வலது கை, புடவைக்குள் இடது அக்குளுக்குக் கீழே போய் நின்றது.

"அன்னைக்கே இருந்துதும்மா. முன்னாடி உங்க அக்கா நின்னுட்டிருந்தாங்க. மாமியாக்காரி சீக்குக்காரின்னு தெரிஞ்சா பொண்ணு குடுப்பாங்களா, சொல்லு?"

எனக்குக் கத்த வரவில்லை. அன்றைக்கு ரத்தம் எடுத்த அதே கையைப் பிடித்து, "வாங்க அண்ணி" என்று டாக்டரம்மாவின் அறைப் பக்கம் அவரைத் திருப்பினேன்.