பேசுவார் என்றுதான் எழுதினேன்

அந்த யோசனை எனக்கு வந்தபோது நான் ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்டில் ஒரு வீட்டின் ஹாலில் குந்தி உட்கார்ந்து, அறுத்துப் போட்ட சுவருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். உறைபனியில் குழாய் வெடித்து, கார்ப்பெட் நனைந்து நாறி, சுவரின் கீழ்ப்பாதியை ஆட்கள் வந்து அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். உள்ளே வரிசையாக மரச் சட்டங்கள். பாதி உளுத்தவை. ஒன்றின் மேல் கறுப்பு மையில் ஒரு முத்திரை. போனில் தேடினேன். கனடாவின் மேற்குக் கோடியில் இருக்கும் ஒரு மர ஆலையின் எண் அது.

"ஆன்ட்டி! உங்க வீடு கனடாவுலேர்ந்து வந்திருக்கு!"

"வந்தது இருக்கட்டும் கண்ணு. மறுபடி எப்ப வரும்னு கேட்டுச் சொல்லு."

ஆன்ட்டிக்கு அந்தக் கோபம் நியாயம்தான். சட்டங்களை மாற்ற மரம் கிடைக்கவில்லை என்று காண்ட்ராக்டர் கையை விரித்திருந்தார். ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாய் வெடித்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மரம் வேண்டும். இதில் பெரிய வேடிக்கை, அங்கிள் ஹூஸ்டனில் மர விநியோகக் கம்பெனியில் மேனேஜர். நான் அவர் டீமில் அனலிஸ்ட். அவர் வீட்டு மாடியில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். காலையில் ஒரே காரில் போவோம். ஃப்ரீவே முழுக்க அவர் எனக்கு அங்கிள். ஆபீஸ் பார்க்கிங்கில் இறங்கியதும், அந்த ஊர் வழக்கப்படி, வெறும் பெயர். மரம் விற்கிற கம்பெனியின் மேனேஜர் வீட்டுச் சுவரில் மரத்துக்குப் பதில் பெட்ஷீட் தொங்கியது.

சுவருக்குள் தலை இருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மரம் இல்லாமல் இல்லை. வடக்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். புயல் அடித்த பிறகு ஆர்டர் போட்டு, அதன் பிறகு சுங்கக் காகிதம் எழுதி, அதன் பிறகு ரயிலுக்குக் காத்திருக்கிறோம். இதையெல்லாம் வானம் தெளிவாக இருக்கும்போதே செய்தால் என்ன? ஆலைக்காரர்கள் தங்கள் மரத்தைப் புயல் பருவத்துக்கு முன்பே எங்கள் யார்டில், மரக் கிடங்கில், கொண்டுவந்து வைக்கட்டும். புயல் அடிக்கிற அன்று நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். இதற்குப் 'புயல் கையிருப்பு' என்று பெயரும் வைத்துவிட்டேன். எழுந்து சொன்னபோது என் தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு. அங்கிள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஸ்லைடு போடு," என்றார்.

அந்த வருடம் இரண்டு நாடுகளும் மாறி மாறி வரி போட்டுக்கொண்டிருந்தன. தொலைக்காட்சியில் தலைவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனாலேயே என் யோசனைக்கு மவுசு கூடியது. சண்டைக் காலத்தில் சமாதானப் புகைப்படம் கேட்காத கம்பெனி உண்டா? இரு நாட்டு வர்த்தக ஒத்துழைப்பு, 'கோஆப்பரேஷன்', என்று ஒரு பேனர் அடித்தார்கள். மரம் வருவதற்கு முன்பே பேனர் வந்துவிட்டது.

மர ஆலையின் வான்கூவர் அலுவலகத்தில் என்னைப் போலவே ஓர் அனலிஸ்ட். முதல் வீடியோ அழைப்பில் என் ஸ்கிரீன் உறைந்துபோய் நான் "ஐயோ" என்றதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"நீங்கள் தமிழோ?"

பெற்றோர் யாழ்ப்பாணம். இவர் பிறந்து வளர்ந்தது டொரான்டோ பக்கம். தமிழ்ப் படம் பார்ப்பதில்லை, ஹாக்கிதான் பார்ப்பாராம். வீட்டில் அம்மாவோடு பேசிய தமிழ் மட்டும் அப்படியே இருந்தது. மற்றவர்கள் மின்னஞ்சலில் "தங்கள் கவனத்திற்கு" என்று குனிந்துகொண்டிருந்தபோது, நாங்கள் வாட்ஸப்பில் காரியத்தை முடித்துக்கொண்டிருந்தோம். எந்த அளவுச் சட்டம், எந்த யார்டு, யார் பக்கம் எந்தக் காகிதம், எல்லாம். என் தமிழ் "டிஸ்கஸ் பண்ணலாம்", "கால் பண்றேன்" என்று ஓடும். அவர் சுத்தமாக எழுதுவார். எனக்கு ரோஷம் வந்தது. கடைசி வாரம் நானும் இங்கிலீஷ் கலக்காமல் எழுதுவது என்று முடிவெடுத்தேன். அங்கேதான் வினை.

ஒப்பந்தக் கூட்டத்துக்காக அவர்கள் குழு ஹூஸ்டன் வந்து இறங்கிய அன்று, எங்கள் வைஸ் பிரசிடென்ட்டான வி.பி.யைப் பற்றி நான் அனுப்பிய செய்தி இது:

"நாளைக்கு முதல்ல எங்க வி.பி. பேசுவார். அவர் முடிக்கிற வரைக்கும் உங்க ஆட்கள் எதுவும் சொல்ல வேண்டாம்."

"கனக்கப் பேசுவாரோ?"

"நல்லாப் பேசுவார். கூட்டம்னாலே அவரால பேசாம இருக்க முடியாது. எங்களுக்குப் பழகிடுச்சு."

"எங்கட டைரக்டர் பாவம்."

நான் ஒரு சிரிப்புப் படம் அனுப்பினேன்.

மறுநாள் மீட்டிங் அறையில் இரண்டு கொடிகள். கனடாத் தூதரகத்திலிருந்து ஒரு வர்த்தக அதிகாரி. பெரிய தட்டில் பீக்கன் பை என்கிற டெக்சாஸ் இனிப்பு. எங்கள் வி.பி. பரம்பரை டெக்சாஸ்காரர், யாரிடமும் மழையைப் பற்றி விசாரிக்காமல் எதையும் ஆரம்பிக்கமாட்டார். தன் அப்பா கட்டிய வீட்டைப் பற்றி உருக்கமாக ஒரு வரவேற்புரை தயாரித்து வைத்திருந்தார். அவர் தொண்டையைச் செருமியதும் எதிர்ப்பக்கத்து டைரக்டர் அம்மாள் எழுந்து நின்றார். கையில் எழுதிவைத்த தாள்.

"நாங்கள் நல்லெண்ணத்தோடு வந்திருக்கிறோம். வரி நாங்கள் போட்டதல்ல. தாமதத்துக்கு உங்கள் பக்கத்துக் காகிதங்களும் காரணம். வாய் மூடி உட்கார்ந்து திட்டு வாங்குவதற்காக இவ்வளவு தூரம் வரவில்லை."

வி.பி.யின் காது சிவந்தது. "நான் திட்டப்போகிறேன் என்று யார் சொன்னது?"

"உங்கள் ஆட்களே எச்சரித்தார்கள்."

வான்கூவர் நண்பர் போனை எடுத்து நீட்டினார். அது மேஜையைச் சுற்றி வந்தது. தமிழ் எழுத்தை அத்தனை பேரும் ஏதோ எக்ஸ்ரே போலப் பார்த்தார்கள். வி.பி. அதை அங்கிளிடம் கொடுத்தார். "உனக்கு இது படிக்கத் தெரியுமல்லவா? என்ன சொல்கிறது?"

அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடி அவர் உதடு சிரிக்கப்போவது போலக் கோணியது. உடனே நேரானது.

"நீங்கள் முதலில் உரையாற்றுவீர்கள், அதுவரை விருந்தினர்கள் குறுக்கிட வேண்டாம் என்று இருக்கிறது. அவ்வளவுதான்."

வி.பி. என்னைப் பார்த்தார். "ஆமாம், அதைத்தான் எழுதினேன்," என்றேன். சத்தியமாக அதைத்தான் எழுதினேன். நண்பர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அவருடைய டைரக்டர் அவரைப் பார்த்தார். தூதரக அதிகாரி தட்டிலிருந்த பீக்கன் பையைப் பார்த்தார். யாரும் அதை வெட்டவில்லை.

அந்த வாரமே வான்கூவரிலிருந்து மின்னஞ்சல் வந்தது. தவறான தகவல் தந்ததற்காக நண்பரைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். சூழ்நிலை சீராகும்வரை புயல் கையிருப்பு நிறுத்திவைக்கப்படுகிறது. எந்தச் சூழ்நிலை? புயலுக்கு இந்த மின்னஞ்சலின் நகல் போயிருக்கிறதா?

நண்பருக்குப் போன் போட்டேன். எடுத்ததும் கேட்டார்.

"நீங்கள்தானே எழுதினீங்கள், உங்கட ஆள் பேசப்போறார் எண்டு? பிறகு ஏன் அங்க மாத்திச் சொன்னனீங்கள்?"

"எங்க மாத்தினேன்? பேசுவார்னுதான் எழுதினேன். எழுந்து நின்னு, பேப்பர் வச்சுக்கிட்டுப் பேசுறது. ஸ்பீச்!"

"ஸ்பீச்சோ?" என்றார். "ஐயோ கடவுளே. பேசுறதெண்டா ஏசுறது எல்லோ! சின்னனில நான் பிந்தி வந்தா அம்மா பேசுவா. அந்தப் பேச்சு!"

"திட்டுறதா? அப்ப சாதாரணமா பேசுறதுக்கு என்ன சொல்வீங்க?"

"கதைக்கிறது."

"எங்க ஊர்ல கதை விடுறான்னா பொய் சொல்றான்னு அர்த்தம்!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "நல்லாப் பேசுவார், எங்களுக்குப் பழகிடுச்சு" என்ற வரியை அவர் திரும்பப் படித்துக் காட்டினார், இன்னும் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பு நின்றது. "இஞ்ச என்னைப் பொய்க்காரன் எண்டு நினைக்கினம்," என்றார்.

மறுநாள் காலை காரிலேயே அங்கிளிடம் கொட்டிவிட்டேன். ஒரு நிமிடம் போதும், வி.பி.யிடம் விளக்கிவிடலாம், திட்டமும் பிழைக்கும், நண்பர் பெயரும் பிழைக்கும் என்றேன்.

"அது போச்சாது விடு கண்ணு. இப்பப் போயி ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம்னா சிரிப்பாங்க. அப்புறம் நம்ம ஆளுங்க தமிழ்ல என்ன அனுப்பினாலும் சந்தேகப்படுவாங்க. கொஞ்சம் கோஆப்பரேட் பண்ணு."

கோஆப்பரேட் பண்ணு! இந்தச் சொல்லை நான் சிறு வயதிலிருந்து கேட்டுவருகிறேன். இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆளைத் திணிக்கும்போது கண்டக்டர் சொல்வது. தண்ணீர் வராத நாளில் ஹாஸ்டல் வார்டன் சொல்வது. சொல்கிறவர் ஒரு அங்குலம் நகர்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் தமிழில் அதற்கு 'நீ தள்ளிக்கோ' என்று பொருள். கொடிக்குக் கீழே அந்தப் பேனரில் கொட்டை எழுத்தில் இருந்ததும் இதே சொல்தான். இப்போது வான்கூவரில் ஒருவர் தள்ளி நிற்கிறார், அவ்வளவுதானே?

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் அங்கிளும் இருந்தார். நான் ஆன்ட்டியிடம் முழுவதையும் சொன்னேன். "அம்மா பேசுவா" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆன்ட்டி கரண்டியோடு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அட, இதா! கல்யாணமான புதுசுல உங்க அங்கிள் இந்த ஜோக்கை எத்தனை தடவை சொல்லியிருக்காருங்கிற! நியூ ஜெர்சியில ரூம்மேட்டுங்க ரெண்டு பேரும் யாழ்ப்பாணமாம். 'அம்மா பேசுவா, அம்மா பேசுவா'ன்னு பயப்படுவாங்களாம். இவரு, 'எங்கம்மாவுந்தான் ஓயாம பேசும், அதுக்கு என்னடா பயம்'னு கேட்டாராம்!"

யாரும் சேர்ந்து சிரிக்காததை ஆன்ட்டி பிறகுதான் கவனித்தார். அவர்கள் மகள், மிடில் ஸ்கூல் படிக்கிறவள், தமிழில் எல்லாம் புரியும், பதில் மட்டும் வராது. தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"டாட். யூ நியூ?" தெரிந்தேதானா என்று கேட்கிறாள்.

அங்கிள் தோசையைப் பிய்த்தார். வாயில் வைக்கவில்லை.

"அந்த ரூம்ல நான் என்ன சொல்லியிருக்கோணும்? எங்க டீம் பொண்ணு எழுதுனதுனாலதான் இவ்வளவும்னா? உன்னைக் காப்பாத்தத்தான் கண்ணு."

"என்னையா, உங்களையா?"

"ரெண்டு பேரையும்தான். எனக்கு கிரீன் கார்டு இன்னும் பெண்டிங்ல கெடக்கு. உனக்கு விசா இவங்க கையில. உனக்கென்ன, வயசு இருக்குது. நாளைக்கு வேற ஊர் போவ. எங்க வீடு இங்க இருக்கு."

"வீடா? சுவரே இல்லையே அங்கிள்."

தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடி ஏறினேன். மரியாதை இல்லாத பேச்சு என்று தெரியும். இன்றைக்கும் அதைத் திரும்பப் பெறமாட்டேன். பயத்தை நான் குறை சொல்லவில்லை. விசாவில் இருக்கிற யாருக்கும் அந்தப் பயம் தெரியும், எனக்கும் தெரியும். என் வயிறு எரிவது வேறொன்றுக்கு. அந்த அறையில் இருந்தவர்களில் அது ஒரு நகைச்சுவை என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு பெரிய நாடுகள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தில், தன் சொந்த ஜோக் தன் கையிலேயே வந்து விழுந்திருக்கிறது. சிரித்திருந்தால் போதும். ஏன் சிரிக்கிறாய் என்று வி.பி. கேட்டிருப்பார். ரூம்மேட் கதையைச் சொல்லியிருக்கலாம். பீக்கன் பையை வெட்டியிருப்பார்கள். அவர் அந்தச் சிரிப்பை விழுங்கிவிட்டு, ஒரு பொய்கூட இல்லாத ஒரு வாக்கியத்தால் ஒரு மனிதனைப் பொய்யனாக்கினார். அதுவும் என்னையே சாட்சி சொல்ல வைத்து!

அன்றிலிருந்து அங்கிள் என்னோடு பேசுவதில்லை, இரண்டு அர்த்தத்திலும். கார் மட்டும் ஒன்றாகப் போகிறது. பெட்ஷீட் இன்னும் சுவரில் தொங்குகிறது. புயல் பருவம் நெருங்குகிறது.

நேற்று அங்கிளைக் கேட்காமல் நேராக வி.பி.க்கு எழுதினேன். திட்டத்தை மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நாளைய கூட்டத்தில் எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும் என்று கேட்டேன். எதைப் பற்றி என்றார். ஒரு தமிழ் வினைச்சொல்லைப் பற்றி என்றேன். முதலில் ஹூஸ்டன் மழையைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, வரச் சொல்லியிருக்கிறார்.

வான்கூவரிலிருந்து அந்த டைரக்டர் அம்மாளும் இணைப்பில் இருப்பார். நண்பரையும் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செய்தியைத் திரையில் போட்டு, முதலில் என் தமிழில் படிக்கப்போகிறேன், பிறகு அவர் தமிழில். அறையில் அங்கிளும் இருப்பார். இது உண்மையா என்று வி.பி. அவரிடம் கேட்பார். கேட்கவில்லை என்றால் நான் கேட்கச் சொல்வேன். சிரிப்பதற்கு அவருக்கு இன்னொரு வாய்ப்பு தருகிறேன்.

சற்று முன் நண்பரிடமிருந்து செய்தி: "நாளைக்கு ஆர் பேசுறது?"

"நான்."

"எந்தப் பேச்சு?"

"ரெண்டும்."

அது முடிந்ததும் ஒரு ரயில் பெட்டி மரம் கேட்கப்போகிறேன். பேனர் வேண்டாம், கொடி வேண்டாம். சோதனைக்கு ஒரே ஒரு பெட்டி, எங்கள் யார்டில், முதல் புயலுக்கு முன்னால்.