பன்னிரண்டாவது கணவாய்

என் மேசை இழுப்பறையில் ஒரு பகடை கிடக்கிறது. கவாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைத் தண்டைச் சீவிச் செய்தது. ஐந்து பக்கங்களில் சூடான ஊசியால் சுட்ட புள்ளிகள், ஆறாவது பக்கம் வெறுமை. பார்க்கிறவர்கள், செய்தவர் மறந்துவிட்டார் என்று நினைப்பார்கள். போன மாதம் ஊட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்த என் மகளின் தோழிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். சனிக்கிழமையானால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற விளையாட்டு அவர்களுக்கு. அந்தக் கதைகளின் உலகங்கள் அத்தனையும் கப்பலேறி வந்தவை. "நம்ம கதைங்க இதுக்கு செட் ஆகாது ஆன்ட்டி" என்றாள் ஒருத்தி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவள் பிறப்பதற்கு முன்பே தேவாலா பக்கத்து எஸ்டேட்டில் அதை ஆடித் தீர்த்தவள் நான்.

ஆட்டிவைத்தவர் எஸ்டேட் டிஸ்பென்சரியின் நர்ஸ் அக்கா, கோயம்புத்தூர்க்காரர். நான் அப்போது பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகிற இடத்துக்கு, இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் வைத்த பெயர் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கட்டடம் காலியாகக் கிடக்கும். வெளியே தலைகாட்ட முடியாத மழை. நர்ஸ் அக்கா தன் பயிற்சிக் கால விடுதியில் கற்ற விளையாட்டை அங்கேதான் விரித்தார். உட்கார்ந்தவர்கள் மூன்று பேர்: நான், லாரி ஓட்டும் அண்ணன், முப்பது வருஷமாகக் கொழுந்து பறித்த பெரியம்மா.

எந்தக் கதைக்குள் போய் ஆடுவது என்பதில்தான் முதல் சண்டை. துப்பறியும் மாத நாவல் என்றேன் நான். "கடைசிப் பக்கத்துல கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சு போச்சுங்களே, அப்புறம் ஆட என்ன இருக்குது?" என்று அக்கா தள்ளிவிட்டார். திருவிழாக் கூத்துக் கதை என்றார் அண்ணன். அதில் யார் சாவார் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். கடைசியில் அக்கா, தன் அம்மா வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து வைத்திருந்த ஒரு தொடர்கதையைக் கொண்டுவந்தார். மலைநாடு ஒன்று, அதில் பன்னிரண்டு கணவாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வாசல், ஒரு காவல்காரன். ராஜாவின் ஆட்களுக்குத் தெரியாமல் உப்புக் கடத்துகிறவர்களின் கதை அது. ராஜா எங்கோ தூரத்தில் இருப்பார். பன்னிரண்டாவது கணவாயை எட்டும்போது பத்திரிகையே நின்றுபோனது. கதை அந்தரத்தில் தொங்கியது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதைவிட நல்ல ஆட்டக்களம் கிடையாது என்று இன்றைக்கும் யாரோடும் சண்டைக்குப் போவேன். எழுதியவரே முடிக்காத உலகத்தில் நமக்கு இடமிருக்கிறது. அதற்காகத்தான் பகடையில் அந்த வெறும் பக்கம். அது விழுந்தால், நடந்தது என்னவென்று உருட்டியவர் சொல்வார். சொன்னது சொன்னதுதான், அக்காகூட மாற்ற முடியாது.

பெரியம்மா உப்புச் சுமப்பவர், அண்ணன் கழுதைக்காரர், நான் வழிப்பறிக்காரி. மூன்றாவது கணவாயில், காவல்காரனாகப் பேசிய அக்கா, "எல்லாரும் காலையில ஆறு மணிக்கு வாசல்ல வந்து நில்லுங்க" என்றார். நாங்கள் நின்றோம். நான் பேர் சொன்னேன். அண்ணன் லீவு கிடைக்குமா என்று கேட்டார். பெரியம்மா, இன்றைக்குத் தனக்கு எந்த நெரை என்று விசாரித்தார். பறிக்க ஒதுக்கும் தேயிலை வரிசைக்கு நெரை என்று பெயர். உப்புக் கதையில் தேயிலை எங்கிருந்து வந்தது?

அக்கா பகடையைக் கீழே வைத்தார். "ஏனுங்க, உங்களைப் புடிக்கறதுக்கு நாடே தேடுதுங்க. நீங்க இங்கயும் பெரட்டுக்கு வந்து பேரு குடுக்கறீங்களே!"

பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பெரியம்மாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். "முப்பது வருசமா நின்ன காலு நர்ஸம்மா. அதுவா போய் நிக்குது."

பிறகு யாரோ தொரையிடம், அதாவது எஸ்டேட் மேனேஜரிடம், சூதாட்டம் நடக்கிறது என்று வத்தி வைத்தார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்து ஆட்டத்தை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வேலையும் குவார்ட்டர்ஸும் போகும் என்று அக்காவிடம் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். "தப்பு பண்ணியிருந்தா எழுதித் தரலாமுங்க. கதை சொன்னதுக்கு எதுக்குங்க எழுதோணும்?" என்று அக்கா அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த ஞாயிறு தொரையே ஜீப்பில் வந்தார். நாங்கள் பதினொன்றாவது கணவாயில் இருந்தோம். வாசலில் அவரைப் பார்த்ததும் அண்ணன் எழுந்துவிட்டார். என் முழங்கால் பாதி எழும்பியது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெரியம்மா அசையவில்லை.

"செத்த இருங்க தொரை. இது என் முறை."

உருட்டினார். வெறும் பக்கம். தொரையைப் பார்த்தபடியே சொன்னார்: "வாசல்காரன் பேரு கேக்குறான். நாங்க சொல்லல. உப்பத் தூக்கிக்கிட்டு நடக்குறோம்."

அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார். தொரை எங்கள் தலைகளை எண்ணிவிட்டுப் போனார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசைதான். பத்து நாளில் அக்காவை அனுப்பிவிட்டார்கள். எழுதிக் கொடுக்காமலே போனார். கூடலூர் பஸ்ஸில் ஏறும்போது பகடையை என் கையில் வைத்து, "பன்னெண்டாவது பாக்கி இருக்குதுங்க" என்றார். அந்த ஞாயிறும் ஆடினோம். பெரியம்மா குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். அத்தனை பேரையும் அனுப்பினால் கொழுந்தை யார் பறிப்பது? தொரையிடமிருந்து அதற்குப் பிறகு ஆள் வரவில்லை.

போன மாதம் அந்தப் பெண்களிடம், வாங்கடி பார்க்கலாம் என்று இந்தப் பகடையை எடுத்துப் போட்டேன். காவல்காரன் நான். மூன்றாவது கணவாயில், ஆறு மணிக்கு வாசலில் வந்து நிற்கச் சொன்னேன். செட் ஆகாது என்றவள், ஆட்டத்தில் உப்புக் கடத்துகிறவள், முதுகை நிமிர்த்திக்கொண்டு, "வந்துட்டோம் மேடம்" என்று தன் பெயரும் வகுப்பும் பிரிவும் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகடையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"உருட்டு. பேரு மட்டும் குடுக்காதே."