நெருப்பு மலையில் வெறுங்கால்

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை 11.10 மணி. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. முப்பத்து மூன்று டிகிரி என்று மகளின் செல்போன் காட்டியது. கிரேக்க நாட்டில் சாந்தோரினித் தீவுக்கு எதிரே, கடலின் நடுவில் கருகிப்போய்க் கிடக்கும் எரிமலைத் திட்டில் எங்கள் பாய்மரப் படகு ஒதுங்கியது.

எனக்கு ஊர் செஞ்சி. நில அளவையராக 32 வருடம் வேலை பார்த்தவன். எதையும் எண்ணாமல் இருக்க வராது. படகில் பதினான்கு பேர், மிதவை வளையம் ஏழுதான். வழியெல்லாம் அதைச் சொல்லியே புலம்பினேன்.

"நைனா, அலைய எண்ணி முடிச்சிட்டீங்களா?" என்று மகள் கேலி செய்தாள். ஜெர்மனியில் வேலை செய்யும் அவள்தான் எங்களைக் கூட்டிவந்தாள்.

என் மனைவிக்குப் படகு என்றாலே பயம். வரமாட்டேன் என்று முந்தின நாள் முழுக்கப் பிடிவாதம். "அதுவும் நம்ம திருவண்ணாமலை மாதிரி நெருப்பு மலைதாண்டி" என்று நான்தான் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். பௌர்ணமிதோறும் பஸ் ஏறிக் கிரிவலம் போகிறவள் அவள். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

மகளுக்குத் தலைசுற்றல், படகிலேயே படுத்துவிட்டாள். நாங்கள் இருவரும் இறங்கினோம். கரையில் கால் வைத்ததும் மனைவி செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இன்னாடி பண்ற? மாட்டு."

"நெருப்பு மலைன்னு நீங்கதான சொன்னீங்க? அண்ணாமலைய செருப்பு போட்டுக்கினா சுத்துறோம்?"

கூட வந்த வெள்ளைக்காரர்கள் அவள் காலையே பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. அவளைத் தெரியாதவன் போல முன்னால் நடந்தேன். உச்சிக்கு 1,312 காலடி. அங்கே எரிமலைப் பள்ளத்தின் ஓரத்தில் கந்தக நாற்றத்தோடு புகை கசிந்துகொண்டிருந்தது. குனிந்து கரிய சரளையை உள்ளங்கையால் தொட்டேன். சுரீர் என்றது, கையை உதறினேன்.

அவள் நிதானமாக ஏறி வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "எனக்கு ஒண்ணுமே சுடலீங்க. இங்க சாமி இருக்குது."

அளந்து பார்க்காத எதையும் நம்பாதவன் நான். அந்த ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். அவள் பக்கத்தில் நின்று கும்பிடக்கூடச் செய்தேன்.

படகுக்குத் திரும்பியதும் வெள்ளைப் பலகையில் சிவப்பாக ஈரக் காலடித் தடங்களை மகள்தான் பார்த்தாள். "நைனா, அம்மா காலப் பாருங்க!" என்று கத்தினாள். இரண்டு உள்ளங்கால்களிலும் தோல் கொப்பளித்து உரிந்து, கரித்தூள் அப்பியிருந்தது. மனைவியோ ஊரிலிருந்து கொண்டுவந்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு வலிக்கவே இல்லை.

அவளுக்கு அப்போது சர்க்கரை வந்து பத்தொன்பது வருடம். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, தினமும் காலைப் பாருங்கள் என்று விழுப்புரத்து டாக்டர் சொல்லியே இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதை நோட்டில் எழுதிக்கொண்டவனும் நான்தான். அந்த நோட்டில் 611 சர்க்கரை அளவுகள் தேதியோடு இருக்கின்றன. காலைப் பற்றி அந்த ஒரே வரிதான்.

இடது கால் ஆறியது. வலது கால் ஆறவில்லை. ஊர் திரும்பி நாற்பத்து மூன்றாவது நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

"செருப்ப நானாத்தான் கழட்டினேன், நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்கிறாள். திட்டியிருந்தால் தேவலை. இப்போது கிரிவலம் இல்லை. பௌர்ணமி அன்று மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்துக் கும்பிடுகிறாள். நான் தினமும் காலையில் அவள் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறேன். எண்ண வேண்டாம் என்று நினைத்தாலும் எண்ணிவிடுகிறேன், எட்டோடு நின்றுவிடுகிறது.

அந்தத் தீவுக்குப் போய்வர எவ்வளவு ஆச்சு என்று கடைத்தெருவில் பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். படகுக் கூலி முதல் மருந்துச் சீட்டு வரை என்னிடம் கணக்கு இருக்கிறது. ஆனால் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தவன், அவள் காலைத் தொட்டுப் பார்க்காமல் விட்டதற்கு ஆன செலவு இரண்டு விரல்கள்.