கார் இல்லாத வீட்டுக்குத் தார்ப்பாதை

அம்சவல்லியின் வீட்டில் கார் இல்லை. வாங்கும் எண்ணமும் இல்லை. மகன் தமிழ்ச்செல்வனிடம் ஒரு பழைய பைக் இருக்கிறது. அதற்கு ஒற்றையடித் தடமே போதும். ஆனாலும் இந்தச் சித்திரையில், தெருவிலிருந்து வீட்டு வாசல்வரை எழுபதடி நீளம், பத்தடி அகலத்தில் தார்ப்பாதை போட்டே ஆக வேண்டும் என்று ஐம்பத்தாறு வயதில் அவர் பிடிவாதம் பிடித்தார்.

“தாரு எதுக்கும்மா? ஊரே பேவர் பிளாக் போடுது. ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சிடும்” என்றான் மகன்.

“எனக்குத் தாருதான் வேணும்.”

“சரி, சிமென்ட்டாவது போடலாம்.”

“சிமென்ட்டு வெயில்ல சுடும்.”

“தாரு சுடாதா?”

அம்சவல்லி ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டார். துணி காயப்போடும் சாக்கில் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி சுற்றுச்சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். “என்னா அத்தே, கலெக்டர் காரு வரப்போவுதா?”

“வந்தா உன் வூட்டுக்குத்தான் வருவாரு. கோலம் போட்டு வை.”

தார்ப்பாதை எதற்கு என்பது அம்சவல்லிக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்ல, அவர் ரோடு வேலைக்குப் போன நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

கணவர் இறந்தபோது தமிழ்ச்செல்வனுக்கு ஐந்து வயது. விருத்தாசலத்தில் அப்போது பெண்களுக்குக் கிடைத்த வேலைகளில் பாதி பீங்கான் பட்டறைகளில் இருந்தது. அம்சவல்லிக்கு அந்தத் தூசு ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சு வாங்கியது. ரோடு போடும் ஒரு கான்ட்ராக்டரிடம் போய்ச் சேர்ந்தார். முதல் இரண்டு வருடம் சட்டியில் ஜல்லி சுமந்தார். அதன்பின் பதினாறு வருடம் ரோலருக்குத் தண்ணீர் ஊற்றினார்.

அது நுணுக்கமான வேலை. சூடான தாரின்மேல் இரும்புச் சக்கரம் ஏறினால் தார் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும், தூவிய ஜல்லியையும் பெயர்த்துக்கொண்டு வரும். அதனால் சக்கரம் காயவே கூடாது. ஒரு கையில் குடம், மறு கையில் கழியில் கட்டிய ஈரச்சாக்கு. ரோலரோடு கூடவே நடந்து சக்கரத்தை நனைத்துத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். அது முன்னே போனால் முன்னே, பின்னே வந்தால் பின்னே. முந்தினால் கால் போய்விடும், பிந்தினால் ரோடு போய்விடும்.

அந்த வேலைக்கு ‘தண்ணி’ என்று பெயர். அதைச் செய்கிறவருக்கும் அதே பெயர்தான். சக்கரம் காய்வதைப் பார்த்தால் ரோலர் டிரைவர் மேலேயிருந்து “தண்ணி!” என்று ஒரு சத்தம் போடுவார்.

டிரைவரின் பெயர் ராஜாங்கம். கருவேப்பிலங்குறிச்சிக்காரர், அம்சவல்லியைவிட ஏழு வயது மூத்தவர். பதினாறு வருடமும் அவரேதான். அந்த இஞ்சின் இரைச்சலில் என்ன பேச முடியும்? காலையில் ஒரு தலையாட்டல், பகலெல்லாம் “தண்ணி!”, சாயங்காலம் “போயிட்டு வரேன்.” அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவர் கியர்க் கம்பியில் கை வைக்கும்போதே ரோலர் எந்தப் பக்கம் திரும்பும் என்று அம்சவல்லியின் காலுக்குத் தெரிந்துவிடும். அம்சவல்லிக்கு முட்டி வலிக்கிற நாளில் ரோலரும் மெதுவாகப் போகும். கூட வேலை செய்தவர்கள் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ராஜாங்கத்துக்கு மனைவி இருந்தார், நோயாளி. அதனால் இரண்டு பேருமே எதையும் பேச நினைத்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை மட்டும் ராஜாங்கம் கேட்டார்.

“ஊருக்கெல்லாம் ரோடு போடறோம். உன் வூட்டுக்கு எப்ப?”

“போட்டா நீங்க வந்து ஓட்டித் தருவீங்களா டிரைவரே?”

“போடு. வரேன்.”

எட்டு வருடத்துக்கு முன், அதே மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் ஒரு ரோட்டில் வேலை நடந்தபோது கான்ட்ராக்டர் புது ரோலர் இறக்கினார். சக்கரத்துக்கு மேலே ஓட்டைக் குழாய் வைத்து, தானே தண்ணீர் தெளித்துக்கொள்ளும் வண்டி. அன்று சாயங்காலமும் ராஜாங்கம் “போயிட்டு வரேன்” என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து தண்ணிக்கு ஆள் தேவைப்படவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ராஜாங்கத்தின் மனைவி இறந்துபோனதாகப் பழைய கேங்கில் தார் ஊற்றிய மதிவாணன் சொன்னார். அம்சவல்லி துக்கம் கேட்கப் போகவில்லை. போனால் அங்கிருப்பவர்கள் ‘நீ யார்’ என்று கேட்பார்கள். தண்ணி என்று சொன்னால் யாருக்குப் புரியும்? அவராவது வருவார் என்று கொஞ்ச நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யோசித்துப் பார்த்தார். ஒரு ரோலர் டிரைவர் ஒரு வீட்டுக்கு வர ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

அதனால்தான் தார்.

மதிவாணன் வந்து இடத்தைப் பார்த்தார். “சின்ன வேலைதானே அண்ணி. டவுன்ல அதிர்ற ரோலர் ஒண்ணு இருக்குது. அரை மணி நேரத்துல முடிச்சிட்டுப் போயிடும்.”

“அது அதிர்ந்தா செவுரு விரிசல் வுட்டுடும். பழைய மூணு சக்கர ரோலருதான் வேணும்.”

“அது ராஜாங்கத்துகிட்டதான் இருக்குது. கான்ட்ராக்டர் கழிச்சிப் போட்டதை அவரே வாங்கி வச்சிக்கிட்டு ஓட்டறாரு.”

“அப்படியா?” என்றார் அம்சவல்லி, அன்றைக்குத்தான் கேள்விப்படுவதுபோல.

வேலை ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. சனிக்கிழமை ஒரு சிக்கல். டிராக்டரில் வந்த ஜல்லி போதவில்லை, வாசலை ஒட்டிய கடைசிப் பதினைந்தடிக்குக் குறைந்தது. அடுத்த லோடு வியாழக்கிழமைதான் என்றுவிட்டார் டிராக்டர்காரர்.

தமிழ்ச்செல்வன் வேலை பார்ப்பது பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் பட்டறையில். சூளையிலிருந்து கோணலாகவும் உடைந்தும் வருபவை பட்டறைக்குப் பின்னால் மலைபோலக் கிடக்கும். விருத்தாசலத்தில் பள்ளம் எங்கே இருந்தாலும் முதலில் அந்தக் குவியல்தான் நினைவுக்கு வரும்.

“பீங்கானை ஒடைச்சிப் போட்டுடலாம்மா. கல்லைவிட கெட்டி” என்று நான்கு மூட்டை கொண்டுவந்து இறக்கினான்.

அம்சவல்லி ஒரு துண்டை எடுத்து விரலால் தடவினார். வழவழவென்று இருந்தது. ஏதோ சொல்ல வந்தார். தெருமுனைவரை ஒருமுறை பார்த்தார்.

“சரி, கொட்டு” என்றார்.

ஞாயிறு காலை, வண்டி தெரிவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. அம்சவல்லி பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த பழைய ஆண்சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டார். ரோடு வேலைக்குப் போட்டுக்கொண்ட சட்டை, தோளில் இன்னும் தார்க்கறை.

“நீ எதுக்கும்மா? பைப்பை வச்சி நானே தண்ணி அடிக்கிறேன்” என்றான் மகன்.

“சக்கரம் காயறது பைப்புக்குத் தெரியுமா?”

ரோலர் தெருவில் திரும்பி, கேட்டைக் கழற்றி வைத்திருந்த இடத்தில் நின்றது. ராஜாங்கம் இறங்கினார். இளைத்திருந்தார். தலை முழுக்க வெள்ளை, மீசை மட்டும் கன்னங்கரேல்.

“மீசைக்கு டையா டிரைவரே?”

“வர்ற வழியில தாரு பட்டுடுச்சி.”

மதிவாணன் சிரித்துக்கொண்டே தார் காய்ச்ச அடுப்பு மூட்டப் போனார். அம்சவல்லி குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா துக்கத்துக்கு நான் வர முடியல.”

“தெரியும். கூட்டத்துல பாத்தேன், நீ இல்ல.” ராஜாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான்கூட இங்க வரலாம்னு பாத்தேன். என்னா சொல்லிகிட்டு வர்றது?”

வேலை தொடங்கியது. முதலில் அடியில் பரப்பியிருந்த கிராவல் மண்ணை ரோலர் அழுத்தியது. பிறகு மதிவாணன் ஓட்டை வாளியில் சூடான தாரை வீசி ஊற்றினார், அவருடன் வந்த இருவர் ஜல்லியைத் தூவினார்கள். ரோலர் ஏறியது. அம்சவல்லி குடத்தோடு பக்கத்தில் நடந்தார். எட்டு வருடம் ஆகியும் கால் எதையும் மறக்கவில்லை. ராஜாங்கத்தின் கை கம்பிக்குப் போகும்போதே அவர் நின்று, திரும்பி, சாக்கைச் சக்கரத்தில் வைத்தார். ஒரு துளித் தார் ஒட்டவில்லை.

இருபதடி போயிற்று. முப்பதடி போயிற்று. மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவ்வளவு ஒழுங்காக ஊற்றினால் அந்த மனிதர் எதற்குக் கூப்பிடுவார்?

வேண்டுமென்றே ஒரு எட்டு பின்தங்கினார்.

“தண்ணி!”

அம்சவல்லி குனிந்துகொண்டு சாக்கை நனைத்தார். நிமிர நேரமானது.

ஐம்பத்தைந்து அடிவரை பாதை கருகருவென்று அமைந்துவிட்டது. கடைசிப் பதினைந்தடியில் சக்கரம் ஏறியதும் வேறு மாதிரி சத்தம் கேட்டது. பீங்கான் துண்டுகள் தாருக்குள் அமுங்காமல் வழுக்கி, சக்கரத்துக்கு முன்னால் குவிந்து வந்தன. ராஜாங்கம் வண்டியை நிறுத்தி இறங்கினார். ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தார். தார் அப்படியே வழிந்து, துண்டு கழுவி வைத்த தட்டுபோல வெள்ளையாகப் பளபளத்தது.

“இது எவன் வேலை?”

“நான்தாங்க” என்றான் தமிழ்ச்செல்வன். “கெட்டியா இருக்குமேன்னு…”

“இந்த ஊருக்காரங்களுக்கு எதைப் பாத்தாலும் பீங்கான்தான். வழவழன்னு கிளேஸ் பூச்சு போட்டது தாரைப் புடிக்குமா தம்பி? ஊறுகா ஜாடில எண்ணெ ஒட்டுமா? வழிச்சி விட்டா வந்துடுதுல்ல?”

தமிழ்ச்செல்வன் தலையைச் சொறிந்தான். ராஜாங்கம் அம்சவல்லியின் பக்கம் திரும்பினார்.

“அவன் சின்னப் புள்ள. பதினெட்டு வருஷம் தாருல நின்னவ நீ. உனக்கு இது தெரியாதா?”

அம்சவல்லி சாக்கைப் பிழிந்தார். அதில் பிழிய ஒன்றுமில்லை.

“தெரியும்.”

மகன் அம்மாவைப் பார்த்தான். மதிவாணன் அடுப்பைப் பார்த்தார். ராஜாங்கம் கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தமிழ்ச்செல்வனிடம் பேசினார்.

“எல்லாத்தையும் சொரண்டி எடுக்கணும். அசல் ஜல்லி எப்ப வருது?”

“வெயாழக்கெழமைங்க.”

“அப்ப வெள்ளிக்கெழம வரேன். இதை ஊருக்கு ஓட்டிப் போயி மறுபடி ஓட்டிகிட்டு வர்றது வெட்டி வேலை. ரோலரு இங்கயே நிக்கட்டும். நான் பஸ்ஸுல போயிக்கிறேன்.”

கை கால் கழுவினார். அம்சவல்லி கொடுத்த டீயை நின்றபடியே குடித்தார். புதுத் தாரில் கால் வைக்காமல் ஓரமாக நடந்து தெருவுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார்.

“போயிட்டு வரேன்.”

எட்டு வருடத்துக்கு முன் கேட்ட அதே சொல். இந்த முறை அம்சவல்லி அதை அப்படியே போகவிடவில்லை.

“வெள்ளிக்கெழம பதினஞ்சடிதான் வேலை டிரைவரே. அரை மணி நேரத்துல முடிஞ்சிடுமே.”

ராஜாங்கம் மீசையைத் தடவிக்கொண்டார்.

“ஓட்டறவன் நான்தானே? மெதுவா ஓட்டினா நாளு பூரா ஓட்டலாம். நீ தண்ணிய மட்டும் நிறைய புடிச்சி வை.”

அவர் பஸ் நிறுத்தத்தின் பக்கம் திரும்பி மறைந்தபின், ஆதிலட்சுமியின் தலை சுற்றுச்சுவருக்கு மேல் வந்தது. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ரோலரை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னா அத்தே, காரு வரும்னு பாத்தா ரோலரு வந்து நிக்குது?”

“ஆமா. இதை ஒருத்தரும் சீக்கிரம் ஓட்டிட்டுப் போயிட முடியாது” என்றார் அம்சவல்லி. சட்டையைக் கழற்றி, துவைக்காமல், வெள்ளிக்கிழமைக்காகக் கொடியில் போட்டார்.