கால் கிலோ வத்தலுக்கு ஒரு புத்தகம்

மதுரையில் நான் சரக்கு எடுக்கும் புத்தகக் கடையின் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். சென்னையிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்று, அதிகம் விற்ற புத்தகங்கள் என்று மாதம் ஒருமுறை பட்டியல் போடும். கடைக்காரர் அதை வெட்டி ஒட்டிவைத்து, அதைப் பார்த்தே எனக்குக் கட்டு கட்டித் தருவார். நான் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி என்று பஸ்ஸிலும் சந்தையிலும் விற்றுத் திரிந்தேன். எண்பதுகளின் பின்பாதி அது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோய், பரோட்டாக் கடை, கரிமூட்டம், லாரி என்று எதிலும் நிலைக்காமல் வந்து சேர்ந்த தொழில். இதிலும் பசி இருந்தது. ஆனால் படித்துக்கொண்டே பசித்திருக்கலாம்.

பட்டியல் புத்தகங்கள் எங்கள் பக்கம் விலைபோகவில்லை. விற்காமல் கிடந்ததையெல்லாம் நானே படித்தேன். எங்கள் பக்கத்து ஆள் அவற்றில் வந்தால் கையில் அரிவாளோடு வருவான். இல்லையென்றால் மழையில்லாத ஊரிலிருந்து பிழைக்க வந்து, யார் வீட்டு வாசலிலோ நின்று, இரண்டு பக்கத்தில் செத்துப்போவான். அவன் சிரித்து நான் எங்கும் படித்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுதினேன்.

வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மண் பூசித் தீ வைத்துவிட்டு, மூட்டம் வெந்து கரியாகும்வரை காட்டில் காத்துக்கிடக்கும் ஆட்களைப் பற்றிய கதைகள். அவர்கள் கேலியும் சண்டையும் சமையலும் அவர்கள் பேச்சிலேயே இருந்தன. அருப்புக்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். அச்சகக்காரன் என்னோடு படித்தவன்.

“வெல என்ன போட?” என்றான்.

“ஆறு ரூபா. இல்லேன்னா கால் கிலோ மொளகா வத்தல்.”

“ஏலே, புத்தகம் போடுறியா, பலசரக்குக் கடை வைக்கியா?”

“சொன்னபடி போடுலே.”

அவன் விளையாட்டு என்று நினைத்தான். அட்டையிலேயே அப்படி அச்சடிக்க வைத்தேன். மாசி, பங்குனியில் மிளகாய்ப் பழம் எடுக்கப் போகும் பெண்களுக்குப் பல புஞ்சைக் காட்டில் வத்தலாகத்தான் கூலி கிடைக்கும். வளையல்காரர், ஐஸ்காரர், பாத்திரக்காரர் எல்லாரும் வத்தல் காயும் களத்துக்கே வந்து வத்தலை வாங்கிக்கொண்டுதான் சரக்குக் கொடுப்பார்கள். காசாக இருந்தால் அது வீட்டுக்குப் போகுமுன் வேறு கைக்குப் போய்விடும். மடியில் கிடக்கும் வத்தல் அவளுடையது. அதைக் கொடுத்து அவள் புத்தகம் வாங்கக் கூடாதா என்ன?

வாங்கினார்கள். களத்தில் வெளுத்துப்போன சோடை வத்தலைப் பொறுக்கி எடுக்க உட்காரும்போது எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் பொறுக்கிக்கொண்டே கேட்பார்கள். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு களத்தில் அப்படி வாசிக்கும் அக்கா ஒருவர் என்னைக் கண்டதும் மடக்கினார்.

“ஏய்யா, இதுல சோத்த ஒளிச்சு வச்சுத் திங்கிற கெழவன் எங்க சின்ன மாமனாருதான? அவுகளுக்குத் தெரிஞ்சா உம்ம தோல உரிச்சிருவாக.”

“அவரு இல்லக்கா. எல்லா மூட்டத்துலயும் அப்படி ஒருத்தர் இருப்பாரு.”

“அப்படின்னா இன்னொண்ணு குடும். எங்க மாமியாருக்கு வாசிச்சுக் காட்டணும்.”

இரண்டு மிளகாய்ப் பருவத்தில் புத்தகம் தீர்ந்தது. கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க என்னிடம் இல்லை. அச்சகத்தில் கோத்த ஈய எழுத்துகளை எப்போதோ கலைத்துவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும், தாள் வாங்க வேண்டும். கிடைத்த வத்தலை விற்று நான் சாப்பிட்டிருந்தேன். மதுரைக் கடைக்காரர் புத்தகமும் போடுகிறவர் என்பதால் அவரிடம் போய் நின்றேன்.

“எத்தன வித்திருக்கு தம்பி?”

“ரெண்டு மூடை வத்தலுக்கு மேல வித்திருக்கு அண்ணாச்சி.”

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். எனக்கு வேறு கணக்குத் தெரியாது.

“பில் போட்ட புத்தகந்தான் தம்பி பட்டியல்ல வரும். வத்தலுக்கு நான் என்ன பில் போட?” என்றவர், கொஞ்ச நேரம் புத்தகத்தைப் புரட்டினார். “நல்லாத்தான் எழுதியிருக்க. நானே போடுறேன். ஆனா இந்தப் பேச்சு மெட்ராஸ்ல புரியாது, மாத்தணும். அட்டையில அந்த வத்தல் சமாச்சாரம் வேண்டாம். ஒரு அருவா படம் போட்டா எடுப்பா இருக்கும்.”

“கதையில எங்கயும் அருவா இல்லையே அண்ணாச்சி. கோடாலிதான் இருக்கு.”

“கோடாலி எடுபடாது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “வந்ததும் கொஞ்சம் புத்தகத்த நீயே எங்கிட்டக் காசு குடுத்து வாங்கிக்க. பில் போடுறேன். பத்திரிகைலருந்து போன்ல கேக்கும்போது உம் பேரச் சொல்லிருவேன். ஒரு தடவ பட்டியல்ல ஏறிட்டா அப்புறம் தானா ஓடும். ஏறுனவுகள்ல பலபேரு இப்படித்தான் ஏறுனது.”

எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். பெரிய கடை, நல்ல தாள், சென்னையில் என் பேர். யோசித்துச் சொல்கிறேன் என்று பஸ் ஏறினேன்.

மறுநாள் களத்தில் அந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வத்தலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்தப் பட்டியல்ல வந்தா என்னய்யா ஆகும்?”

“டவுனுக்காரவுக வாங்குவாக. வெல கூடும்.”

“வத்தலுக்குக் குடுப்பாகளா?”

“மாட்டாக.”

“எங்க பேச்சும் இருக்காது?”

“இருக்காது.”

“அப்ப எங்களுக்கு எதுக்கு அது? உமக்கு வேணும்னா போயி ஏறிக்கிரும்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முந்தின நாள் கேட்ட சிரிப்பு போல அது சுடவில்லை. ஆனாலும் உறைத்தது. பில் இல்லாததால் இவர்கள் வாங்கியது விற்பனை இல்லை. பில் இருப்பதால், நான் என் புத்தகத்தை நானே வாங்குவது விற்பனை. இதுதான் நாட்டுக்கே ஒட்டிவைக்கும் தாள் என்றால், அந்தத் தாளில் எனக்கு இடம் வேண்டாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

“அப்படின்னா நாமளே மறுபடி அடிப்போம். வத்தல இப்பவே முன்பணமாக் குடுங்க. புத்தகம் ஆடியில வரும்,” என்றேன்.

“நீரு ஒரு எடத்துல இருக்கிற ஆளா? ஓடிப்போயிட்டா?”

“எங்க ஓடினாலும் இந்தப் பஸ்ஸுலதான்க்கா ஓடணும்.”

முதலில் அவர்தான் மடியிலிருந்த வத்தலைப் போட்டார். திட்டிக்கொண்டே மற்றவர்களும் போட்டார்கள். சுற்றுக் களங்களிலும் கேட்டு, சேர்ந்ததை அருப்புக்கோட்டைக் கமிஷன் மண்டியில் போட்டுத் தாள் வாங்கினேன். அச்சகக்காரன் முணுமுணுத்தபடி ஒரு சொல்லும் மாற்றாமல் மறுபடி எழுத்துக் கோத்தான். ஆடியில் வத்தல் தந்தவர்களுக்கு ஊர் ஊராகப் போய்க் கொடுத்தேன்.

வேண்டாம் என்று சொன்ன பிறகு மதுரைக் கடையில் எனக்குக் கடனுக்குச் சரக்குத் தரவில்லை. சில மாதம் கஷ்டமாக இருந்தது. ஒருவேளைச் சாப்பாடு எனக்குப் புதிதில்லை.

அடுத்த வருஷம் வீரசோழன் பஸ்ஸில் ஜவுளி வியாபாரி ஒருவர் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மலேயாவில் கடை வைத்துத் திரும்பியவராம். அங்கே பட்டதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறாராம். பையிலிருந்து நோட்டை எடுக்கத் தயங்கினார்.

“எங்க வீட்டுல பேசுற மாதிரியே எழுதியிருக்கேன். மாத்தாமப் போடுவீகளா?”

“மாத்தச் சொல்ற எடம் மதுரையில இருக்கு பாய். நாங்க மாத்த மாட்டோம்,” என்றேன். அவர் பையைத் திறந்தார்.