பன்னிரண்டுக்குப் பின் பதினொன்று

போன வாரம் காரைக்கால் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சுவரில் இரண்டு பேர் சினிமா போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கோட்டுச்சேரி பஸ் கிளம்ப நேரமிருந்ததால் நின்று பார்த்தேன். முதலில் கால், பிறகு மார்பு, கடைசியில் தலை என்று ஒரு ஆள் சுவரில் முளைத்தான். மூன்று வருடத்துக்கு முன்பு என் கண்ணெதிரில் செத்துப்போனவன் அவன். நெஞ்சில் குண்டு வாங்கி, மனைவி மடியில் தலைவைத்து, பேசவேண்டியதெல்லாம் பேசி முடித்துத்தான் செத்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கிறான். பெயருக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு இரண்டு.

"ஏங்க, இவருதான் செத்துட்டாரே?" என்று பசை பூசியவரிடம் கேட்டேன்.

"நாங்க ஒட்டுறதோட சரிங்க" என்றார்.

அந்தப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்திருந்தது. மைதாவும் துத்தமும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், எனக்கு இருபது வயது ஆகிவிடும். அப்போது நான் ஒரு சினிமாக் கொட்டகையின் ஆபரேட்டர் அறையில் வேலை பார்த்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். கணக்குப் பரீட்சையை நினைத்தாலே காய்ச்சல் வரும்; பள்ளிக்கூடத்தை விட்டதும் காய்ச்சல் நின்றது, பயம் மட்டும் நிற்கவில்லை. இன்றைக்கும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன்தான் நான். இரண்டாம் தடவை இழுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டால், சும்மா சாவி தேடுகிற மாதிரி பாவனை செய்வேன்.

இப்படிப்பட்டவனைத்தான் ஆபரேட்டர் ஹமீது அண்ணன் ரீல் பெட்டிகளுக்குப் பொறுப்பாக வைத்திருந்தார். "பயந்தவன்தான்டா தப்பு பண்ண மாட்டான்" என்பார். ஒரு படம் என்றால் பதினாறு ரீல், பதினாறு தகரப் பெட்டி, மூடிமேல் எண். ஒரு மிஷினில் ஒரு ரீல் ஓடும்போது அடுத்ததை மற்ற மிஷினில் மாட்டவேண்டும். நான் எடுத்துக் கொடுப்பேன், அவர் மாட்டுவார்.

அந்த வருடம் மாசியில் எங்கள் அத்தான் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். அக்காவுக்கு இருபத்திநாலு வயது. கையில் செந்தில், பல்கூட முளைக்காத குழந்தை. அக்கா அழவில்லை. பிணத்தை எடுக்கும்போதும் அழவில்லை. எட்டு மாதம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு இருந்த கவலைகளையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த ஒரு கவலை வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. வருடம் திரும்பாதவளை வெளியே அழைத்துப்போகக் கூடாது என்பார்கள். இருந்தும் ஒரு மத்தியான ஆட்டத்துக்கு, பெண்கள் பக்கத்துக் கதவு வழியாக, விளக்கணைந்த பிறகு உள்ளே உட்காரவைத்தேன்.

நல்ல குடும்பப் படம். ஆனால் பன்னிரண்டாவது ரீலில் கதாநாயகன் செத்துவிடுவான். எனக்கென்ன தெரியாதா? பதினோரு நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பதினொன்றாவது ரீலில் அவன் சைக்கிளில் வந்து, வாசலில் மணியடித்து, "சோறு போடு" என்று மனைவியைக் கூப்பிடுவான். ஒரு பாட்டு வரும். அது முடிந்ததும் இறங்கிப்போய், வீட்டில் குழந்தை அழுகிறது என்று சொல்லி அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என் திட்டம். சந்தோஷமான ரீலோடு அவளுக்குப் படம் முடிந்துவிடும்.

திட்டம் இருந்தால் பதற்றமும் இருக்குமே. இடைவேளையில் பதினொன்றையும் பன்னிரண்டையும் திறந்து, ஃபிலிமின் முனையில் போட்டிருந்த எண் சரிதானா என்று பார்த்தேன். சரிதான். மூடிகளைத் துணியால் துடைத்தேன். துடைத்து, மாற்றி மூடிவிட்டேன்.

"பாத்துட்டியாடா?"

"பாத்துட்டேண்ணே."

பொய் இல்லை. பார்த்தேன்தான்.

பத்து முடிந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது. "அண்ணே, இது பன்னெண்டு!" அண்ணன் கொச்சையாக ஒரு வார்த்தை சொன்னார். நிறுத்தினால் சனம் கலாட்டா செய்யும் என்று ஓடவிட்டார். ஆபரேட்டர் அறைத் துவாரத்தின் வழியே நான் படத்தைப் பார்க்கவில்லை, பெண்கள் பக்கத்தைத்தான் பார்த்தேன். அவன் செத்தான். பெண்கள் அத்தனை பேரும் அழுதார்கள். அவர்களுக்கு நடுவில் அக்கா முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, எட்டு மாதத்தையும் சேர்த்து அழுதாள். ஐயோ என்று இருந்தது. அப்பாடா என்றும் இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாத குழப்பத்தில் அடுத்த ரீல் மாட்டப்பட்டுவிட்டது. செத்தவன் சைக்கிளில் வந்து மணியடித்தான். "சோறு போடு" என்றான்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். பெஞ்சைத் தட்டினார்கள், திரைமேல் செருப்பு போனது. "அழ வச்சு வேடிக்கையாடா பாக்குறீங்க?" என்று ஒரு அம்மாள் ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கத்தினாள். மேனேஜர் விளக்கைப் போடச் சொல்லி, திரைக்கு முன்னால் ஏறி நின்று கைகூப்பினார்: "தாய்மாருங்க மன்னிக்கணும். அவரு செத்தது செத்ததுதாங்க. இப்ப வந்ததுதான் எங்க தப்பு."

நான் படியிறங்கி ஓடினேன். அக்கா கதவோரம் நின்றிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"மன்னிச்சுடுக்கா."

"ஒரு நிமிஷம் நம்பிட்டேன்டா" என்றாள். "மணிச் சத்தம் கேட்டதும், இவன் வந்துட்டான்ல, அப்ப அவங்களும்னு... நம்பிட்டேன்டா தம்பி."

வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அழுதாள். அன்றிலிருந்துதான் சாப்பிட ஆரம்பித்தாள். இருந்தாலும் அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் என்னை மன்னித்ததில்லை.

நான் மூடி மாற்றிச் செய்த தப்பை இப்போது திட்டம்போட்டுச் செய்கிறார்கள். மன்னிப்புக் கேட்க யாரும் மேடை ஏறுவதில்லை. கடைசிக் காட்சியிலேயே அடுத்த பாகத்துக்கு ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். கவலைக்காரனுக்கு இது வசதிதானே என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. வீட்டுக் கவலையைக் கழற்றிவைத்துவிட்டு முன்பின் தெரியாத ஒருவனுக்காகக் கவலைப்படத்தானே அங்கே போனேன்? அந்தக் கவலையை வாங்கிக்கொண்டு, செத்தவனையே திருப்பிக் கையில் கொடுத்தால் எப்படி?

செந்தில் இரண்டாம் பாகத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டான். முதல் பாகத்துக்கும் அவன்தான் எங்களைக் கூட்டிப்போனான். "உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போகவேண்டாம்டா, செத்தவன் உசுரோட வரான்" என்றேன்.

"மாமா, அதெல்லாம் யுனிவர்ஸ் மாமா. ஒரே கதை படம் படமாப் போகும், யாரும் சாவமாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை போனோம். அக்காவுக்கு அந்த மணிச் சத்தம் ஞாபகம் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். திரையில் அந்தக் கதாநாயகன் நெருப்புக்குள்ளிருந்து நடந்து வந்தான். கொட்டகை முழுக்க விசில். நான் அக்கா பக்கம் திரும்பினேன்.

"என்னக்கா, ஒண்ணுமில்லியே?"

"என்னடா?"

"செத்தவன் வந்துட்டானே."

"அவன் எங்க செத்தான்? வருவான்னு போன தடவையே தெரியும்டா. அதான் நான் அழுவல." சோளப்பொரியை மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். "ஏன், நீ அழுதியா?"

"வீட்டுக்கு வந்தும் அழுதாரும்மா" என்றான் செந்தில்.

அக்கா சிரித்தாள். திரையில் வேறொருவன் குண்டடிபட்டு விழுந்தான். ஒரு பெண் அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கதறினாள். எங்கள் வரிசையில் ஒருவரும் அசையவில்லை. பின்னால் யாரோ போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா பொரியை என் பக்கம் நீட்டினாள். நானும் ஒரு கை அள்ளிக்கொண்டேன்.