செல்போன் அகலம்

நாற்காலியை இழுத்துப் போட்டாள் ஆன்மேரி. சுவரோரம் வரிசையாகக் கிடந்ததில் ஒன்றை எடுத்து, இன்னொன்றுக்கு நேர் எதிரே, மூன்றடி தள்ளிப் போட்டாள். பிறகு இரண்டையும் கொஞ்சம் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சம் யாருடைய முதுகுக்குப் பின்னாலும் வரக்கூடாது. வந்தால் முகம் இருட்டிவிடும், கை தெரியாது.

"பொண்ணு பாக்க வந்த எடத்துல பொண்ணே நாற்காலி தூக்குது" என்று சிரித்தாள் தங்கப்பொண்ணு. மாப்பிள்ளை மெர்வினின் அக்கா. தம்பியைக் கூட்டிக்கொண்டு பேரையூரிலிருந்து வந்து, மதுரை காளவாசலில் இறங்கி வீட்டை விசாரித்து வந்திருந்தாள்.

"எல்லாம் அவ வச்சதுதான் தாயி சட்டம்" என்றாள் ஆன்மேரியின் அம்மா சூசையம்மாள்.

ஆன்மேரிக்கும் மெர்வினுக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவளுக்கு முப்பத்தொரு வயது. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு ரெடிமேட் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கிறாள். அவன் பேரையூரில் டூவீலர் மெக்கானிக். காது கேளாதவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பழக்கமாகி, இரண்டு வருடமாக தினமும் வீடியோ காலில் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். நேரில் சந்தித்ததில்லை. தினமும்தான் பார்க்கிறோமே என்பதால் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

சூசையம்மாளுக்குத்தான் தெரிந்தது. "போன்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். எம்முன்னாடி நேர்ல உக்காந்து பேசட்டும். பேச்சு ஓடுச்சுன்னா கல்யாணம். இல்லேன்னா இந்தப் பேச்சே வேணாம்" என்று தங்கப்பொண்ணிடம் சொல்லிவிட்டாள். மகளிடம் அதைச் சொல்லப் போனைக் காட்டிக் கையை விரித்தாள். இரண்டு விரல்களை எதிரெதிரே நிறுத்தித் தன் கண்ணைத் தொட்டாள். மகளுக்குப் புரிந்தது. தலையாட்டிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அம்மாவுக்கும் மகளுக்கும் இடையில் நாற்பது சைகை இருக்கும். சோறு, தண்ணீர், வா, போ, காய்ச்சல், கோபம், கோயில். அதற்கு மேல் சூசையம்மாளுக்குத் தேவைப்பட்டதில்லை. மகளுக்கும் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கைகளைத் தூக்கினார்கள்.

முழங்கைகள் விலாவை விட்டு நகரவில்லை. நெஞ்சுக்கு முன்னால், ஒரு செல்போன் அகலத்துக்குள், விரல்கள் மட்டும் அசைந்தன. படத்துக்கு வெளியே போகும் கை பேசாத கை என்று இரண்டு வருடமாகப் பழகியிருந்தார்கள். அவன் சொல்லி முடித்ததும் அசையாமல் காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள். போனில் இங்கே சொன்னது அங்கே போய்ச்சேர இரண்டு விநாடி ஆகும். நேரில் அந்த இரண்டு விநாடி இல்லை, ஆனாலும் காத்திருக்கும் பழக்கம் போகவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். மறுபடியும் அதே.

"என்னடா, நெட்டு கெடைக்கலையா?" என்றாள் தங்கப்பொண்ணு. தம்பி காதில் விழாது என்பதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. "அங்க போனைக் கீழ வைக்கவே மாட்டான் அத்தே. இங்க பாருங்க, போட்டோக்கு நிக்கிற மாதிரி இருக்கான்."

சூசையம்மாள் சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போனாள். காப்பி ஆற்றும்போது, பேச்சு ஓடவில்லை, கல்யாணம் வேண்டாம் என்பதை மகளுக்கு எந்தச் சைகையால் சொல்வது என்று யோசித்தாள். நாற்பதில் ஒன்றும் பொருந்தவில்லை.

அவள் தட்டோடு வந்தபோது, வழியில் பஸ் ஏன் நின்றது என்று மெர்வின் சொல்லிக்கொண்டிருந்தான். டி. கல்லுப்பட்டி தாண்டி ரோட்டை மறித்து ஒரு கிடை ஆட்டு மந்தை. எம்புட்டு ஆடு என்று சொல்ல வேண்டும். செல்போன் அகலத்துக்குள் அந்த ஆடுகள் அடங்கவில்லை. கை வெளியே போனது.

தட்டு பறந்தது. நான்கு தம்ளர் காப்பியும் அவன் வெள்ளைச் சட்டையில்.

"ஐயோ பாவி" என்று எழுந்தாள் தங்கப்பொண்ணு. அவன் சட்டையைப் பார்க்கவில்லை. இன்னும் நீட்டியபடியே இருந்த தன் கையைப் பார்த்தான். ஆன்மேரி அடித்தொண்டையிலிருந்து சத்தமாகச் சிரித்தாள். எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

சூசையம்மாள் காலியான கையோடு அப்படியே நின்றாள்.

கூடத்துக்குள் ஆடுகள் வந்தன. மகளின் புருவத்தில், தோளில், பத்து விரலிலும் வந்தன. ஒரு குட்டி மட்டும் நடுரோட்டில் அடம்பிடித்து நின்றது. கிடைக்காரர் நொண்டிக்கொண்டே வந்து அதைத் தூக்கினார். கண்டக்டர் கத்தினார். மெர்வின் இல்லை இல்லை என்று மறித்து, கிடைக்காரரை உயரமாக்கினான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு மறுபடி குள்ளமாக்கினாள். பார்க்காத ஆட்டைப் பற்றி அவள் அவனிடம் சண்டை போட்டாள். அவன் சளைக்கவில்லை. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஆடுகள் போய் வேறு ஏதோ வந்தது. மழைபோல ஒன்று. பிறகு சூசையம்மாளால் தொடரவே முடியாத ஒன்று. அவ்வளவு வேகம். ஒரு சொல்லும் சத்தம் போடவில்லை. வீடு முழுவதும் பேச்சாக இருந்தது.

சூசையம்மாள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்ன அத்தே பேசிக்கிறாக?"

"தெரியல தாயி. முப்பத்தொரு வருசமா இவளுக்குச் சோறு போடுறேன். இம்புட்டு வாயாடியை நான் பாத்ததே இல்ல."

மகளிடம் எதையும் சொல்ல இதுவரை அவள் காத்திருந்ததில்லை. தோளைத் தொட்டுத் திருப்பிச் சொல்லிவிடுவாள். இப்போது அவர்கள் கை ஓயும்வரை ஓரமாக நின்றாள். ஓய்ந்ததும் மெர்வினைக் காட்டினாள். தரையைக் காட்டினாள். சரி என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

ஆன்மேரியின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

மறுநாள் திங்கட்கிழமை. ஆன்மேரி ஏழு நாற்பது பஸ்ஸுக்குப் போனாள். கம்பெனியில் குழந்தைகள் சட்டை வந்திருந்தது. பட்டன் சரியாகத் தைக்காத இருபத்தாறு சட்டைகளைத் திருப்பி அனுப்பினாள். சூசையம்மாள் பத்து மணிக்குப் பங்குக் கோயிலுக்குப் போய், பூசையில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டாள். மாப்பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பங்குச் சாமியார் திண்டுக்கல் போயிருந்தார். புதன்கிழமை வரச் சொன்னார்கள். திரும்பும் வழியில் அரைக்கிலோ பூண்டு வாங்கினாள்.